ஆற்காட்டாரின் மாளிகையும் ராபர்ட் சிஷோமும்: வாசகர் கேள்வி-பதில்

சென்னை சேப்பாக்கம் அரண்மனையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பில், அதை அரசு அலுவலகமாக மாற்றியமைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பழைய வட ஆற்காடு மாவட்டத்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவருக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரின் பெயரே நவாப் வாலாஜாவின் பெயர்தான். ஆனால் 'ஆற்காட்டு நவாப்' என்று சொல்லிக்கொண்டு அவர்கள் சென்னையில் ஏன் குடியிருந்தார்கள்? இப்போது ஆற்காட்டு இளவரசர் வசிக்கும் அமீர் மகாலையும் சிஷோம்தான் கட்டினாரா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: கட்டியவர் அவரல்லர், அதை மாளிகையாக்கியவர் அவர். கதையைச் சற்று முன்னாலிருந்து தொடங்கவேண்டும். நவாப் முகம்மது அலி வாலாஜா ஆற்காட்டை விட்டுச் சென்னைக்குச் சென்றதற்குக் காரணம், கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிகளுக்கு அருகில் இருப்பதே பாதுகாப்பு என்று அவர் எண்ணியதுதான். 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுந்தது. கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பெரும் பகுதிகளாக அது அமைந்தது. பாதுகாப்புக்காகத் தேடிப்போன நட்பே கடனாக வளர்ந்து, அந்தக் கடனே நாட்டை விழுங்கியதை நம் பகுதியினருக்கு விளக்கத் தேவையில்லை.

1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்ததும், கம்பெனி அரசு நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. அரண்மனை அரசின் கைக்குப் போயிற்று. வருவாய் வாரியம் முதலான அலுவலகங்களை அங்கே அமர்த்த வேண்டியிருந்தபோது, அதைத் திருத்திக் கட்டும் பொறுப்பு சிஷோமுக்கு வந்தது. அவர் இரு மகால்களுக்கும் இடையில் உயரமான சதுரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். பழைய கட்டடத்தின் வளைவுகளையும் மாடங்களையும் ஒட்டியே புதிய பகுதிகளையும் வரைந்தார். இன்று அதைப் பார்ப்பவர்களில் பலர் கோபுரமும் நவாப் காலத்தது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி அமீர் மகால். அது 1798இல் கம்பெனியின் அலுவலகமாகக் கட்டப்பட்ட கட்டடம். பட்டம் இழந்த குடும்பத்தின் தலைவரான ஆசிம் ஜாவுக்கு விக்டோரியா அரசியார் 1867இல் 'ஆற்காட்டு இளவரசர்' என்ற பட்டத்தை அளித்தார். பட்டத்துக்கு ஏற்ற இருப்பிடம் வேண்டுமே! திருவல்லிக்கேணியில் அக்குடும்பம் தங்கியிருந்த ஷாதி மகால் போதவில்லை. இராயப்பேட்டையில் இருந்த அந்தப் பழைய அலுவலகக் கட்டடத்தை மாளிகையாக மாற்றித்தரும் பணி சிஷோமிடம் ஒப்படைக்கப்பட்டது. 1876இல் குடும்பம் அங்கே குடிபுகுந்தது. ஆற்காட்டாரின் அரண்மனையை அலுவலகமாக்கிய அதே கை, ஓர் அலுவலகத்தை அவர்களுக்கு அரண்மனையாக்கிக் கொடுத்திருக்கிறது. அரசு செய்த அநியாயத்துக்குக் கட்டடக் கலைஞர் பொறுப்பல்லர் என்றாலும், சிஷோமின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் இதுதான்.

கேள்வி: சிஷோம் பொறியாளரா, கட்டடக் கலைஞரா? சென்னைக்கு எப்படி வந்தார்? பள்ளியில் மாணவர்களுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறேன்.
– காட்பாடியிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: இரண்டும்தான். 1840இல் இலண்டனில் பிறந்த அவர், கல்கத்தாவில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செனட் மண்டபமும், மாநிலக் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடமும் வேண்டுமென்று சென்னை அரசு 1864இல் வடிவமைப்புப் போட்டி ஒன்றை அறிவித்தது. அக்காலத்தில் அரசுக் கட்டடமென்றால் பொதுப்பணித் துறையின் இராணுவப் பொறியாளர் ஒருவர் கைக்குக் கிடைத்த மாதிரி வரைபடத்தை எடுத்து, செலவுக் கணக்கைச் சேர்த்து, கட்டி முடித்துவிடுவதே வழக்கம். போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பது புதுமை. போட்டியில் வென்ற சிஷோம் சென்னைக்கு வந்தார். பின்னர் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞர் என்ற பதவியையும் பெற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த மாகாணத்தின் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். 1877 முதல் சில ஆண்டுகள் சென்னைத் தொழிற்கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. எழும்பூரை அடுத்து இன்றும் இயங்கும் அரசு கவின் கலைக் கல்லூரியின் முன்னோடி அந்தப் பள்ளிதான்.

மாணவர்களுக்குச் சொல்லத்தக்க பகுதி என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பதவிகளை விட்டுவிட்டு, கடற்கரைச் சாலையில் அருகருகே நிற்கும் இரண்டு கட்டடங்களைக் காட்டச் சொல்வேன். மாநிலக் கல்லூரி 1870இல் திறக்கப்பட்டது. எடின்பரோ கோமகன் வந்து திறந்துவைத்தார். அதன் வளைவுகளும் சீரான ஜன்னல் வரிசைகளும் இத்தாலிய மரபைச் சேர்ந்தவை. அக்காலத்து ஐரோப்பிய நகரம் எதில் வைத்தாலும் பொருந்திவிடும். செனட் மண்டபத்தின் வேலை 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. நான்கு மூலைகளிலும் குவிமாடம் தாங்கிய கோபுரங்கள், வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், செங்கல்லையும் கருங்கல்லையும் கலந்து செய்த அலங்காரம், தூண் தலைகளில் செதுக்கு வேலை என்று அது முற்றிலும் வேறு உலகம். இரண்டையும் வரைந்தவர் ஒருவரே. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதில்தான் சிஷோமின் முழு வாழ்க்கையும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

அந்த இடைவெளியில் அவர் மதுரைக்குப் போனார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, இடிபாடாகக் கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட முடிவு செய்தபோது, அதை ஆராய்ந்து அளந்து பழுது பார்க்கும் பணி சிஷோமுக்குக் கிடைத்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே கொண்டு அவ்வளவு பெரிய வளைவுகளையும் குவிமாடங்களையும் இந்த ஊர்க் கொத்தனார்கள் எப்படி நிறுத்தினார்கள் என்பதை அவர் கையால் தொட்டுப் பார்த்தது அங்கேதான். பிறகு திருவாங்கூர் வேலை வந்தது. நேப்பியரின் பெயரையே தாங்கி 1880இல் முடிந்த திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் செங்குத்தான ஓட்டுக் கூரைகளையும், முகப்பு முக்கோணங்களின் மர வேலையையும் பார்த்தால், கேரளத்துத் தச்சர்களின் வீட்டு முற்றங்களில் அவர் நெடுநேரம் நின்றிருக்கிறார் என்று தோன்றும். சென்னை சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் அமைத்த விக்டோரியா பொது மண்டபத்தின் சதுரக் கோபுரத்துக்கும் திருவாங்கூர்க் கூரையையே தொப்பியாக வைத்துவிட்டார்.

கேள்வி: இந்தோ-சாரசெனிக் பாணி என்கிறார்கள். குவிமாடம் வைத்தால் அது இந்தியக் கட்டடமாகிவிடுமா? வெள்ளைக்காரர்கள் நம்மை மகிழ்விக்கச் செய்த வேடிக்கைதானே அது?
– ஆம்பூர், கல்லூரி மாணவர்

பதில்: கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. இந்திய வளைவையும் குவிமாடத்தையும் ஐரோப்பியக் கட்டட அமைப்போடு கலந்ததையே அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசியாரிடம் மாறியது. முகலாயர்களின் இடத்தில் தாங்கள் முறையாக அமர்ந்திருப்பதாகக் காட்டிக்கொள்ளும் தேவை அவர்களுக்கு இருந்தது. நேப்பியர் 1870இல் ஆற்றிய உரையிலேயே, இந்தியாவில் அரசு எழுப்பும் கட்டடங்களுக்கு முஸ்லிம் மரபின் வளைவும் குவிமாடமும் ஏற்றவை என்று வாதிட்டார். ஆக, இது அரசியல் கலந்த பாணிதான். கோயிலை எழுப்பிய மரபு ஒன்று தெற்கே உயிரோடு இருந்தபோதும் அதை அலுவலகத்துக்கு ஆகாதது என்று ஒதுக்கிவைத்த பாணியும்கூட.

ஆனால் அதற்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது என்ன என்பதையும் பார்க்கவேண்டும். அதற்குச் சென்னைக்குப் போகவேண்டியதில்லை. வேலூர்க் கோட்டைக்குள் போனால் போதும். அங்கே 1846இல் எழுந்த செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது. அதிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம் இருக்கிறது. யாளியும் குதிரையும் துள்ளி எழும் அதன் தூண்களைப் பார்க்க ஐரோப்பியர்கள் அப்போதே வந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இங்கிலாந்தில் இருந்த தங்கள் ஊர்த் தேவாலயத்தை அப்படியே நினைவிலிருந்து எடுத்து வைத்தார்கள். பக்கத்தில் இருந்த கல் அவர்கள் வரைபடத்துக்குள் ஒரு கோடாகக்கூட நுழையவில்லை. சிஷோமுக்கு அந்தக் கல் கண்ணில் பட்டது. அவர் எடுத்துக்கொண்டதில் பொருந்தாதவை உண்டு, மிகையானவை உண்டு. சிஷோமுக்குப் பின் வந்தவர்களில் சிலர் குவிமாடத்தை அலங்காரப் பொருளாகவே ஒட்டினார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்காகச் சிஷோமைத் திட்டவேண்டாம்.

கேள்வி: தாத்தா காலத்து வீடு. மேலே மெட்ராஸ் டெரஸ் தளம். மழைக்காலத்தில் இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. மேஸ்திரி, 'இதெல்லாம் இனிமேல் ஆகாது, மேலே சிமெண்ட் போட்டு மூடிவிடலாம்' என்கிறார். சிஷோம் கட்டிய கட்டடங்களும் இதே தளம்தானே, அவை எப்படி நிற்கின்றன?
– ஆரணி வாசகர்

பதில்: சிமெண்ட் போடாமல் இருந்ததால் நிற்கின்றன. தங்கள் தளத்தின் உள்ளமைப்பு இதுதான்: தேக்கு உத்திரங்களின் மேல், மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுவருக்கு மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு. பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அதை அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கட்டை பட்டால் மேலே துள்ளவேண்டும், அதுவரை விடமாட்டார்கள். கடைசியாகத் தட்டை ஓடுகளைப் பதித்து முடிப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வாசகர்களுக்குக் கடுக்காயைத் தோல் பதனிடும் சரக்காகத் தெரியும். ஜவ்வாது மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கிய அதே கடுக்காய்தான் கொத்தனாரின் தொட்டிக்கும் போயிற்று.

இந்தத் தளம் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் மூடி போட்டால், விரிசல் வழியே உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் கீழே இறங்கி, சுவருக்குள் நுழைந்திருக்கும் உத்திர முனைகளைப் பிடிக்கும். பாரமும் கூடும். சில ஆண்டுகளில் உத்திரம் உளுத்து, பிறகு மேஸ்திரி சொன்னபடி 'இனிமேல் ஆகாது' என்ற நிலை உண்மையாகவே வந்துவிடும்.

முதலில் நீர் வடியும் வாட்டத்தையும் தூம்புகளையும் பாருங்கள். ஒழுகலில் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். கைப்பிடிச் சுவரின் அடியில் அரசஞ்செடி முளைத்திருந்தால் வேரோடு எடுக்கவேண்டும். தட்டை ஓடு பெயர்ந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்புக் கலவையில் மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். உத்திர முனைகளைத் தச்சர் ஒருவர் தட்டிப் பார்த்துவிடட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. காத்திருக்கும் ஒரு மழைக்காலத்துக்குத் தார்ப்பாய் போதும்.

ஓர் எடுத்துக்காட்டும் தருகிறேன். சேப்பாக்கம் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பற்றிக் கூரை இடிந்து விழுந்தது. இனி இடித்துவிடுவதே வழி என்று அப்போது பலர் பேசினார்கள். பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே சுண்ணாம்புக் கலவையைக் கொண்டு அதை மீட்டெடுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குவதற்கு இடம் கிடைத்தது அங்கேதான். எரிந்து விழுந்த நவாப் மாளிகைக்கு ஆகும் வேலை, இரண்டு இடத்தில் ஒழுகும் தங்கள் வீட்டுக்கு ஆகாதா?

கேள்வி: பரோடா அரண்மனையை வரைந்தவர், அது இடிந்துவிடும் என்று பயந்து உயிரை விட்டார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதை முடித்தவர் சிஷோமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: ஆம், முடித்தவர் சிஷோம்தான். லட்சுமி விலாஸ் என்ற அந்த அரண்மனையைப் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடுக்காக வரைந்து வேலையைத் தொடங்கியவர் மேஜர் சார்லஸ் மாண்ட் என்ற இராணுவப் பொறியாளர். ஒரே காலத்தில் பல சமஸ்தானங்களின் பெரிய வேலைகளைத் தலையில் சுமந்த அவர், 1881இல் இறந்துவிட்டார். தம் கணக்குகள் பிழையாகிவிட்டன, கட்டடங்கள் நிற்காது என்ற அச்சம் அவர் மனத்தைக் குலைத்துவிட்டது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. காணொளிக்காரர்கள் அதற்கு இசை சேர்த்துவிடுகிறார்கள். நோயுற்ற மனிதர் ஒருவரின் முடிவை அப்படி வேடிக்கையாக்குவது எனக்கு உவப்பில்லை. சிஷோம் பொறுப்பேற்று 1890இல் அரண்மனையை முடித்தார். அது இன்றும் அசையாமல் நிற்கிறது.

பரோடாவில் சிஷோமின் சொந்தச் சரக்கைப் பார்க்க விரும்பினால் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்கவேண்டும்; இப்போது அது பல்கலைக்கழகத்தின் கலைப்புலம். பீஜப்பூரில் உள்ள கோல் கும்பஸ் என்ற பழைய சுல்தான் கல்லறையின் அமைப்பை மனத்தில் கொண்டு அதற்கு ஒரு பெரிய குவிமாடத்தை எழுப்பினார். சதுரமான அறையின் மேல் வட்டமான குவிமாடத்தை உட்கார்த்துவது கட்டடக் கலையின் பழைய தலைவலிகளில் ஒன்று. பீஜப்பூர்க் கொத்தனார்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வளைவுகளால் அதைத் தீர்த்திருந்தார்கள். அந்தத் தீர்வையே அவர் எடுத்துக்கொண்டார்.

கேள்வி: பெயரெல்லாம் துரைகளுக்குப் போய்விட்டது. கல் சுமந்து கட்டியவர்கள் யார்?
– அரக்கோணம் வாசகர்

பதில்: கொத்தனார், தச்சர், கல் தச்சர், சுண்ணாம்பு அரைத்த பெண்கள் ஆகியோரின் பெயர்களை அரசுக் கோப்புகள் காப்பாற்றவில்லை. ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் பெயர் மட்டும் உரத்து நிற்கிறது: தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார். சிஷோமின் விக்டோரியா பொது மண்டபத்தைக் கட்டியவர் அவர். சிஷோமுக்குப் பின் அரசின் கட்டடக் கலைஞரான ஹென்றி இர்வின் 1892இல் முடித்த உயர் நீதிமன்றமும், 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் செட்டியார் கட்டியவையே. வரைபடத்தில் இருந்த குவிமாடம் வானத்தில் நின்றதென்றால், சிவப்புச் செங்கல்லின் மூட்டுகள் இன்றும் கத்தி நுழையாதபடி இருக்கின்றன என்றால், அந்தப் பெருமையில் செட்டியாரின் ஆட்களுக்குச் சரிபாதி உரியது. கணித மேதை இராமானுஜன் தம் கடைசி நாள்களைக் கழித்ததும் சேத்துப்பட்டில் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில்தான் என்பது கூடுதல் செய்தி.

கேள்வி: சிஷோம் இந்தியாவிலேயே இறந்தாரா?
– திருப்பத்தூர் வாசகர்

பதில்: இல்லை. முதுமையில் இங்கிலாந்து திரும்பினார். இலண்டனில் ஸ்லோன் சதுக்கத்துக்கு அருகே 1907இல் ஒரு தேவாலயத்தை வடிவமைத்தார். அது இப்போது கடோகன் ஹால் என்ற இசையரங்கம். 1915இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்சீ என்ற ஊரில் மறைந்தார்.

கேள்வி: பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் இவற்றைப் பார்த்துவர இயலுமா? காட்பாடியிலிருந்து காலை ரயிலில் கிளம்புவதாக எண்ணம்.
– வேலூர், சத்துவாச்சாரி வாசகர்

பதில்: தாராளமாக இயலும். ரயிலை விட்டு இறங்கும் இடமே தொடக்கம். சென்ட்ரல் நிலையத்தை முதலில் வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டிங்; அதன் நடுவே நிற்கும் மணிக்கூண்டு சிஷோமின் சேர்க்கை. நம் மாவட்டத்துக்கு முதல் ரயில் வந்த 1856 ஜூலை 1ஆம் நாள் இந்த நிலையமே கிடையாது. அன்று வண்டி இராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடு வரை வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் பக்கத்திலேயே விக்டோரியா பொது மண்டபம். அங்கிருந்து இராஜாஜி சாலைக்குப் போனால் 1884இல் திறக்கப்பட்ட தலைமைத் தபால் நிலையம், அதுவும் அவருடையது. உள்ளே போய் ஒரு தபால் தலை வாங்கும் சாக்கில் அந்தப் பெரிய கூடத்தைப் பார்த்துவிடலாம்.

மதியத்துக்குப் பின் கடற்கரைச் சாலை. வாலாஜா சாலை முனையில் சேப்பாக்கம் அரண்மனை, அதைச் சுற்றிச் செனட் மண்டபமும் மாநிலக் கல்லூரியும்; மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். மாநிலக் கல்லூரியை முதலிலும் செனட் மண்டபத்தைப் பிறகும் பார்ப்பது நல்லது, ஏனென்றால் கட்டிய வரிசை அது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் நுழைய வாயிற்காவலரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். விடுமுறை நாளைவிட வேலை நாளில் அனுமதி கிடைப்பது எளிது. அமீர் மகால் ஒரு குடும்பம் வாழும் வீடு. பாரதி சாலையிலிருந்து அதன் வாயிலை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்புவதற்கு மாலை வண்டியில் இருக்கை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் அரக்கோணம் வரை நிற்கக்கூட இடமிருக்காது.